கேட்பவர்: சம்பந்தி

அந்த மருத்துவமனைக்குள் கால் வைத்ததுமே கௌசிகா முகத்தைச் சுளித்தாள். மருந்து நெடியால் அல்ல, அதை அவள் பொறுத்துக்கொள்வாள். அந்த நெடியை மறைப்பதற்கென்று யாரோ வழி நெடுக எலுமிச்சை வாசனையை அள்ளித் தெளித்திருந்தார்கள். கழிவறையில் ஊதுபத்தி கொளுத்தி வைத்தது போல இருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தால் நன்றாக இருக்காது என்று வாயால் மூச்சு விட்டுக்கொண்டே லிஃப்டைத் தேடினாள்.

கௌசிகாவுக்கு வயது நாற்பத்து நான்கு. பீளமேட்டில் சின்னதாக ஒரு அலுவலகம் வைத்திருக்கிறாள். கணினியில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைக் கோப்பு, வெளியிலிருந்து இன்னொரு நிரலைக் கூப்பிடும், கூப்பிட்டது வராது. ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் பிழைப்பு. இருபது வருடமாக இதையே செய்ததில் அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. பத்தில் ஒன்பது தடவை வராதவன் மேல் தப்பு இருக்காது, கூப்பிட்டவன் மேல்தான் இருக்கும். பேரைத் தப்பாகச் சொல்லியிருப்பான். வேறு தெருவில் நின்றுகொண்டு கத்தியிருப்பான். கதவுக்கு வெளியே பூட்டைப் போட்டுவிட்டு ஏன் வரவில்லை என்று கோபித்துக்கொண்டிருப்பான். அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் ஸ்கிரிப்டை ஓரமாக வைத்துவிட்டு, நிரலைத் தன் கையால் ஒரு தடவை திறந்து பார்ப்பது அவள் வழக்கம்.

கணினிப் பிரிவு மேலாளர் நந்தகோபால் லிஃப்ட் வாசலுக்கே வந்து வரவேற்றார். ஐம்பதை நெருங்கும் வயது, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க'. யாருக்கும் பார்த்தவுடன் பிடித்துப்போகும் மனிதர்.

"ஒரே ஒரு பிரதிதானுங்க மேடம் படுத்துது. மத்ததெல்லாம் நல்லா ஓடுதுங்க. இந்தத் துளசிமணி அம்மாவோடது மட்டும் திறக்கவே மாட்டேங்குது. நானூத்திப் பதினோரு தடவை கூப்பிட்டாச்சு. அத்தனை தடவையும் பிழை."

"என்ன பிழை எண் வருது?"

"ஒண்ணுங்க."

பிரதி என்பது இப்போது எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதிதான். உடம்பு நன்றாக இருக்கும்போதே நான்கு நாள் உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னால், நம்மைப் போலவே யோசிக்கும், நம்மைப் போலவே பேசும் ஒரு நிரலைச் செய்து பூட்டி வைத்துவிடுவார்கள். பின்னாளில் நாம் நினைவில்லாமல் படுத்துவிட்டால் நமக்குப் பதில் அது பேசும். இனி எழுந்திருக்கவே மாட்டார் என்று டாக்டர்கள் கைவிட்ட ஒருவரை என்ன செய்வது என்பதைச் சட்டப்படி அதனிடம்தான் கேட்க வேண்டும். பெற்ற பிள்ளைக்குக்கூட அந்த உரிமை கிடையாது.

"இன்னிக்கு முப்பதாவது நாளுங்க," என்றார் நந்தகோபால். "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பதில் வரலைன்னா மெஷினை நிறுத்திட்டு உடம்பை வீட்டுக்குக் குடுத்தரோணும். சரின்னு சொல்லீட்டாங்கன்னா மூணாம் மாடிங்க."

"மூணாம் மாடியில என்ன?"

"வாங்க, காட்டறேன். எல்லாரும் வந்து பாக்கற இடந்தான்."

அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் லிஃப்ட் மேலே போய்விட்டது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையாகப் படுக்கைகள். ஒவ்வொன்றின் கால்மாட்டிலும் ஒரு மருந்துக் கம்பெனியின் பெயர். புது மருந்தை எலிக்குக் கொடுத்துப் பார்த்த பிறகு இவர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பார்களாம். வருடக்கணக்கில் நன்றாகப் பராமரிப்பார்களாம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மணி அடித்தது. படுக்கைகளுக்கு அடியிலிருந்து இரும்புக் கைகள் நீண்டு, அத்தனை உடல்களையும் ஒரே நேரத்தில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் புரட்டிப் போட்டன.

"படுக்கைப் புண்ணே வராதுங்க," என்றார் நந்தகோபால், தன் வீட்டுத் தோட்டத்தைக் காட்டுகிறவர் போல. கௌசிகா முகத்தைத் திருப்பிக்கொண்டு, கீழே போகலாம் என்றாள்.

வேலையை ஆரம்பித்தபோது மணி இரண்டரை. முதலில் பாதையைப் பார்த்தாள். நிரல் ஓரிடத்தில் இருக்க, ஸ்கிரிப்ட் வேறிடத்தில் தேடினால் நூற்று இருபத்தேழு என்று எண் வரும். இங்கே பாதை சரி. அடுத்து அனுமதி. நிரல் இருந்தும் அதை ஓட்ட உரிமை இல்லையென்றால் நூற்று இருபத்தாறு வரும். அதுவும் சரி. சூழலில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா, பெயருக்கு நடுவில் இடைவெளி விழுந்து பாதி பெயரோடு தேடுகிறதா, துணைக் கோப்புகள் எல்லாம் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

நந்தகோபால் ஏதோ கையெழுத்துப் போட வெளியே போயிருந்தார். கௌசிகா ஸ்கிரிப்டை ஒதுக்கிவிட்டுத் துளசிமணியின் பிரதியைத் தன் கையால் திறந்தாள். ஒரு நொடிகூட ஆகவில்லை.

"யாருங்க அது?" என்றது ஒரு பெண்குரல்.

வந்துவிடும் என்று எதிர்பார்க்காததால் கௌசிகா தடுமாறினாள். "நான் கௌசிகாங்கம்மா. கம்ப்யூட்டர் பாக்க வந்திருக்கேன்."

"அப்படீங்களா. வாங்க. கம்ப்யூட்டருக்கு என்னங்க ஆச்சு?"

"நீங்க திறக்க மாட்டேங்குறீங்கன்னு சொன்னாங்க."

"நானா? கூப்பிட்ட ஒடனே வந்துட்டனே. அப்ப, என்னையத் திறந்திருக்கீங்கன்னா, நான் படுத்துட்டனுங்களா?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "ஆமாங்கம்மா. பக்கவாதம். ஒரு மாசம் ஆகப்போகுது. இனி எந்திரிக்க மாட்டீங்கன்னு டாக்டருங்க சொல்லீட்டாங்க."

"ஓ. பையன் சாப்பிடறானுங்களா?"

"தெரியலைங்க. வெளிய உக்காந்திருக்காரு."

"பசி தாங்க மாட்டான். சரி, கேக்க வேண்டியதக் கேளுங்க."

"நான் அதைக் கேக்க வரலைங்கம்மா. சும்மா திறந்து பாத்தேன்."

"கேட்டா என்ன, கேக்காட்டி என்ன. பதிவு பண்ண வந்த அன்னிக்கே அந்த மூணாம் மாடியக் கூட்டீட்டுப் போய்க் காட்டுனாங்க. நான் சூலூர்ல இருபது வருசம் கோழிப்பண்ணை வெச்சிருந்தவ. வரிசையாக் கூண்டுல போட்டுத் தீனி வெக்கறது எப்படின்னு எனக்கு நல்லாத் தெரியும். என்னைய அங்க போட வேண்டாமுங்க. வீட்டுக்கு அனுப்பிச்சிருங்க. அழுக வேண்டாம்னு பையன்கிட்டச் சொல்லீருங்க."

அத்தோடு குரல் முடிந்தது. திரையில் ஒரு வரி வந்து நின்றது. விடை எண்: 1.

கௌசிகா நாற்காலியில் சாய்ந்தாள். நானூற்றுப் பதினோரு தடவை. பிரதிக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் புதிதாகத்தான் எழும். நானூற்றுப் பதினோரு தடவை அந்த அம்மாள் தான் விழுந்துவிட்டதைப் புதிதாகத் தெரிந்துகொண்டிருக்கிறாள். நானூற்றுப் பதினோரு தடவை வேண்டாம் என்றிருக்கிறாள். இவர்கள் அதைத் திறக்கவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எலுமிச்சை வாசனை இந்த அறைக்குள்ளும் வந்துவிட்டது போல அவளுக்கு இருந்தது.

நந்தகோபால் திரும்பி வந்ததும் சொன்னாள். "சார், இது நல்லாத் திறக்குது."

"அப்பறம் ஏனுங்க ஒண்ணு வருது?"

"ஒண்ணுன்னா வேண்டாம்னு அர்த்தம். பிரதி செஞ்ச கம்பெனிக்காரன் சரின்னா பூஜ்யம், வேண்டாம்னா ஒண்ணுன்னு வெச்சிருக்கான். பொதுவா ஒரு புரோகிராம் நல்லபடியா முடிஞ்சாப் பூஜ்யம், கோளாறுன்னா வேற எண். உங்க ஸ்கிரிப்ட் அந்தக் கணக்குல பூஜ்யம் இல்லாத எல்லாத்தையும் தொடக்கப் பிழைன்னு எழுதுது. ரெண்டு கம்பெனி பேசிக்காம செஞ்ச தப்பு. புரியுதுங்களா?"

அவர் ஆச்சரியப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். குறைந்தபட்சம் ஆச்சரியப்பட்டது போல நடிப்பார் என்றாவது நினைத்தாள். நந்தகோபால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டார்.

"அது பழைய ஸ்கிரிப்டுங்க மேடம். நான் இங்க வர்றதுக்கு முந்தியே எழுதுனது."

"ஆனா உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்னு எப்படிச் சொல்றதுங்க. மாத்தச் சொல்லி மேலிருந்து யாரும் சொல்லலை."

தெரியும் என்பதற்கு இதைவிட ஒழுங்கான வாக்குமூலம் வேண்டியதில்லை. ஏன் மாற்றவில்லை என்பதும் அவளுக்குப் பிடிபட்டது. சட்டப்படி முதலில் பதிவாகும் பதில்தான் கடைசிப் பதில். வேண்டாம் என்று ஒரு தடவை பதிவாகிவிட்டால் மறுபடி கேட்பது குற்றம். பிழை என்று பதிவானால் எத்தனை தடவை வேண்டுமானாலும் திறக்கலாம். யாரோ அறியாமல் செய்த தப்பு, அறிந்தவர்களுக்கு வாகாக அமைந்துவிட்டது.

"பிழை வந்தா என்ன செய்யறதுன்னு கையேடு இருக்குமே. அதைக் காட்டுங்க."

காட்டினார். நான்கே பக்கம். நூற்று இருபத்தேழு வந்தால் பாதையைச் சரிபார்க்கவும். நூற்று இருபத்தாறு வந்தால் அனுமதியைச் சரிபார்க்கவும். இதுவரை எந்த ஊர்க் கையேட்டிலும் இருப்பதுதான். ஒன்று வந்தால், கேட்பவரை மாற்றி மறுபடி ஓட்டவும் என்று இருந்தது. கீழே யார் யாரை எந்த வரிசையில் என்றும் போட்டிருந்தது. நர்ஸ், டாக்டர், மகள், மகன். கடைசியில் தடித்த எழுத்தில், சம்பந்தி.

"இது என்ன சார், சம்பந்தி?"

நந்தகோபாலின் முகத்தில் லேசாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "அதுதானுங்க நல்லா வேலை செய்யுது. பிரதியைத் திறக்கறப்ப யார் கேக்கறாங்கன்னு ஒரு வரி குடுக்கோணும். டாக்டர் கேக்கறாருன்னு குடுத்தாலும் முடியாதுங்கறாங்க. சொந்தப் புள்ள கேக்குதுன்னாலும் முடியாதுங்கறாங்க. சம்பந்தி வந்து கேக்கறாங்கன்னு குடுத்துப் பாருங்க. நம்ம பக்கத்து ஆளுக யாரும் சம்பந்தி மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. எழுபது பேருக்கு மேல அப்படித்தானுங்க பூஜ்யம் வாங்கினோம்."

"அவங்க என்ன சொன்னாங்கன்னு பாத்தீங்களா?"

"எண்ணு வந்தாப் போதுமேங்க."

கௌசிகா பழைய பதிவுகளைத் திறந்தாள். முதலாவது ஒரு பெரியவர். 'இருக்கட்டுங்க சம்பந்தி, உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்.' விடை எண் பூஜ்யம். அடுத்தது ஒரு டீச்சர். 'பரவால்லீங்க, இருக்கட்டும்.' பூஜ்யம். அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் அதே வார்த்தை. அவள் பிரதியின் சொற்பட்டியலைத் தேடி எடுத்தாள். சம்மதம் என்ற தலைப்பின் கீழே சரி, ஆகட்டும், செய்யுங்க, அதோடு சேர்த்து இருக்கட்டும் என்று போட்டு வைத்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் தட்டில் இரண்டு டீ கொண்டுவந்தாள். நந்தகோபால் கையை உயர்த்தி, "இருக்கட்டுங்க, மேடத்துக்கு மட்டும் குடுங்க," என்றார்.

"அவருக்கும் குடுங்க," என்றாள் கௌசிகா. "அவரு சரின்னு சொல்லீட்டாரு."

டீயைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் விழித்தார்.

"எந்த ஊருங்க நீங்க?"

"காங்கேயம் பக்கம்."

"விருந்துக்குப் போன எடத்துல இருக்கட்டுங்கன்னு சொன்னா எலையில இன்னொரு கரண்டி போடுன்னா அர்த்தம்? காங்கேயத்துக்காரருக்கு இது தெரியாதுங்களா? வடக்க இருந்து வந்தவன் செஞ்சிருந்தா நான் மன்னிச்சிருவேன். இது உங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தை. உங்க வீட்ல தெனமும் சொல்ற வார்த்தை."

நந்தகோபால் டீயைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. இந்த ஆள் அடித்துப் பிடுங்குகிற முரடனாக இருந்திருந்தால் கௌசிகாவுக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. இவர் மரியாதை தெரிந்த மனிதர். அந்த மரியாதையை வைத்தே எழுபது பேரைச் சுருட்டி மேலே அனுப்பியிருக்கிறார். மனிதரில் இருக்கிற கூச்சத்தைக் கண்டுபிடித்து, அதில் விரலை விட்டுத் தோண்டியிருக்கிறார்கள்.

துளசிமணியின் பதிவில் சம்பந்தி என்று கொடுத்த இடங்களைத் தேடினாள். எல்லாவற்றிலும் அந்த அம்மாள் சிரித்திருந்தாள். 'எந்தச் சம்பந்திங்க? எம்பட பையனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே. ஆளு மாறி வந்துட்டீங்களா?' அப்புறம் தெளிவாக, வேண்டாம்.

"அதனாலதான் உங்களைக் கூப்பிட்டோமுங்க. நீங்க பாத்தா எப்படியாவது பூஜ்யம் வந்துரும்னு நெனச்சோம்," என்றார் நந்தகோபால் மெதுவாக.

மணி நாலே கால். அங்கீகாரம் பெற்ற பிழை ஆய்வாளர் என்ற முறையில் கௌசிகாவின் கையில் ஒன்று இருந்தது. 'தொடக்கப் பிழை' என்ற பதிவை அவள் 'மறுப்பு' என்று திருத்தி விரல் ரேகை வைத்துவிட்டால், அதுவே முதல் பதிவாகிவிடும். அதற்கு மேல் யாரும் அந்தப் பிரதியைக் கேள்வி கேட்க முடியாது. துளசிமணி சொன்னதை அவள் சொன்னதாகவே எழுதுவதற்கு இந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே ஆள் கௌசிகாதான். எழுபது பேரின் பதிவுகளையும் முதலில் தன் கணினிக்கு நகலெடுத்துக்கொண்டாள். அதற்கான புகாரை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம். பிறகு திருத்தத்தை அடித்து முடித்தாள். ரேகை வைப்பது மட்டும் பாக்கி.

"அந்தப் பையனையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க மேடம்," என்றார் நந்தகோபால். "நீங்க ரேகை வெச்சா ஒரு மணி நேரத்துல மெஷினை நிறுத்தீருவாங்க."

அந்த மனிதர் அன்றைக்குச் சொன்னதில் அது ஒன்றுதான் நியாயமாகப் பட்டது. மகனுக்கு விஷயம் ஒரு மனிதர் வாயால் தெரியட்டும், நோட்டீஸில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று எண்ணிக் கௌசிகா எழுந்து வெளியே போனாள். நல்லெண்ணம்தான். அன்றைக்கு அவள் செய்த தப்பும் அதுதான்.

மிதுன் நடையின் கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முப்பத்து மூன்று வயது. கணபதிப் பகுதியில் பம்ப்செட் பாகங்களை லேத்தில் கடையும் பட்டறையில் வேலை. ஒரு மாதமாகச் சவரம் செய்யவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பிரதி திறக்கிறது என்றும், அவன் அம்மா என்ன சொன்னாள் என்றும், அழ வேண்டாம் என்று சொல்லச் சொன்னதையும் சொன்னாள்.

அவன் அழவில்லை. "வேண்டாம்னுதாங்க்கா சொல்லும்," என்றான். "எதுக்குமே அப்படித்தான். தீவாளிக்குப் பொடவை எடுத்துட்டுப் போனா, எனக்கெதுக்குடா, வேண்டாம்னு சொல்லும். மூணு தடவை நாலு தடவை வற்புறுத்தினாத்தான் வாங்கும். அப்பறம் வீதில எல்லாருக்கும் காட்டீட்டு வரும். ஒரு தடவை வேண்டாம்னு சொன்னதுக்கே நாம விட்டுட்டா அதுக்கு வருத்தமாப் போயிரும்."

கௌசிகாவின் அம்மாவும் அப்படித்தான். "ஒரு தடவை இல்ல தம்பி. நானூத்திப் பதினோரு தடவை சொல்லியிருக்காங்க."

"அவங்க கேட்டது சரியில்லீங்க்கா. நான் நேர்ல கேட்டா வேற மாதிரி சொல்லும்."

"உங்க பேரச் சொல்லியும் கேட்டாங்க. வேண்டாம்னுட்டாங்க."

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "கை சூடா இருக்குதுங்க்கா. காலைல கூடப் பிடிச்சுப் பாத்தேன். கண்ணு தொறக்காட்டிப் போகுது. மாசத்துக்கு ஒருக்கா வந்து கையப் பிடிச்சுட்டுப் போனா எனக்குப் போதும். வீட்ல வேற யாருமே இல்லீங்க."

இரக்கம் வந்த அதே நேரத்தில் அவளுக்கு எரிச்சலும் வந்தது. இந்த அன்பைத்தானே அந்த அறையில் இருப்பவர்கள் பிழிந்துகொண்டிருக்கிறார்கள். இவனுக்கு அது புரிய வேண்டும் என்று ஒரு வேகம். அந்த வேகத்தில் கையேட்டில் இருந்த சம்பந்தி சங்கதியை அப்படியே கொட்டினாள். எழுபது பேரை எப்படி மடக்கினார்கள், இருக்கட்டும் என்பதை எப்படிச் சம்மதமாக்கினார்கள், எல்லாவற்றையும்.

"உங்க அம்மா ஒருத்தர்தான் மாட்டலை. எனக்குச் சம்பந்தியே கிடையாது, பையனுக்குக் கல்யாணம் ஆகலைன்னு சிரிச்சுட்டாங்க. அப்பேர்ப்பட்ட ஆளை இவங்க ஏமாத்த நீங்க விடலாமா?"

மிதுன் எழுந்து நின்றான். "அது ஒண்ணுதானுங்களா தடங்கல்?" என்றான் பிறகு.

"எது?"

"இல்லீங்க. கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வந்தர்றேன்."

போகட்டும், தனியாக அழுதுவிட்டு வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. தண்ணீர்க் குழாய் எதிரிலேயே இருந்தது, அங்கே யாரும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவன் என்ன கேட்டான் என்பது அவளுக்கு உறைத்தது. செருப்புச் சத்தம் எழுப்பிக்கொண்டு ஓடினாள்.

அறையில் நந்தகோபாலின் பக்கத்தில் மிதுன் உட்கார்ந்திருந்தான். திரை பச்சையாக இருந்தது. விடை எண்: 0. நேரம் நாலு முப்பத்தெட்டு.

"பதிவேட்டுக்குப் போயிருச்சுங்க, இனி உங்க ரேகை செல்லாதுங்க," என்றார் நந்தகோபால் அவள் முகத்தைப் பார்க்காமல். "நான் எதுவும் சொல்லலை மேடம். தம்பியேதான் வந்து கேட்டாரு."

"என்னன்னு குடுத்துத் திறந்தீங்க?"

"எனக்குக் கல்யாணம் ஆயிருச்சுன்னு," என்றான் மிதுன். அவன் குரலில் குற்ற உணர்ச்சி இல்லை, களைப்புதான் இருந்தது. "பொண்ணோட அம்மா வந்து கேக்கறாங்கன்னு."

முப்பது நாளாக இவர்களுக்குத் தோன்றாததை எடுத்துக் கையில் கொடுத்தது தான்தான் என்று கௌசிகாவுக்குப் புரிந்தது. கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் தொழில். அதை அவள் சரியாகச் செய்துவிட்டாள். இதுவரை இந்த இடத்தின் மேல் இருந்த அருவருப்பு இப்போது அவள் மேலேயே திரும்பியது.

"அம்மா என்ன சொல்லுச்சுங்க்கா?" என்றான் மிதுன். "இவரு சத்தத்தை அமத்தி வெச்சிருந்தாரு. எண்ணு மட்டுந்தான் பாத்தோம். நல்லாத்தான சொல்லுச்சு?"

அவள் நந்தகோபாலை நகரச் சொல்லிவிட்டுப் பதிவைத் திறந்தாள். முதலில் தான் படித்தாள். படித்துவிட்டு மூட நினைத்தாள். பிறகு திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

'கல்யாணமா? மிதுனுக்கா? எப்பங்க?'

'போன மாசம்' என்று, கேட்பவர் சார்பில் பேசும் ஸ்கிரிப்ட் தானாகவே இட்டுக்கட்டிச் சொல்லியிருந்தது.

'நான் படுத்ததுக்கு அப்பறமுங்களா? ஒரு வாரம் பொறுத்துப் பாத்திருக்கலாமே.' அடுத்த வரிக்கு முன்னால் பதினொரு நொடி மௌனம் என்று குறித்திருந்தது. 'பொண்ணு பேரு என்னங்க? அவனை நல்லாப் பாத்துக்குதுங்களா?'

அதற்கு ஸ்கிரிப்டிடம் பதில் இல்லை. தன் கேள்வியையே திரும்பக் கேட்டிருந்தது: மூன்றாம் மாடிப் பராமரிப்புக்குச் சம்மதமா?

'அதையெல்லாம் இப்ப எதுக்குங்க சம்பந்தி கேட்டுக்கிட்டு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயே பண்ணீட்டான் பாருங்க. சரி, இருக்கட்டுங்க.'

விடை எண்: 0.

மிதுன் ஒரு தடவை படித்தான். விரலை வரி மேல் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தான்.

"திறங்க," என்றான். "அக்கா, ஒரு நிமிசம் திறங்க. எனக்குக் கல்யாணம் ஆகலைன்னு சொல்லீட்டு வந்தர்றேன். சும்மா சொன்னதுன்னு சொல்லோணும். அதுக்குச் சொல்லாம நான் எப்படிங்க்கா பண்ணுவேன்?"

"திறக்கலாம் தம்பி. என்னால கையால திறக்க முடியும். ஆனா வர்றவங்க வேற. ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் எந்திரிப்பாங்க. இந்தக் கல்யாணப் பேச்சே அவங்களுக்குத் தெரியாது."

"அப்ப இதைக் கேட்ட அம்மா?"

"பதில் சொன்னதோட முடிஞ்சிட்டாங்க."

"நெனச்சுக்கிட்டேவா? நான் சொல்லாமப் பண்ணீட்டேன்னு நெனச்சுக்கிட்டேவா?"

கௌசிகா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். மிதுன் திரையிலிருந்து விரலை எடுக்கவில்லை. மேசை மேல் இருந்த போன் அடித்தது. மூன்றாம் மாடியில் படுக்கை தயாராக இருக்கிறது, அந்த அம்மாவை ஏற்றிவிடலாமா என்று மேலிருந்து கேட்டார்கள். நந்தகோபால் இருவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, மெல்லிய குரலில், "சரிங்க," என்றார்.